கனரக லாரியில் மின்னேற்றக் கோளாறு காணும் முறை

விடியற்காலையில் சரக்கேற்றிப் புறப்படவேண்டிய லாரி கிளம்ப மறுத்தால், பழி முதலில் பாட்டரியின்மேல் விழும். புதிய பாட்டரிகள் இரண்டை வாங்கிப் பொருத்துவர். சில நாட்களில் பழைய கதையே திரும்பும். பொருளும் போயிற்று; நோயும் தீரவில்லை. மின்னழுத்தத்தை முறையாக அளந்து பார்த்திருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

மலேசியா, சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்புடையவை. 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து இதனை ஆக்குவர். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட இப்பாட்டரியை 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளான்தே கண்டார். முழுதும் மின்னேறிய நிலையில் இதன் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஒரு பாட்டரிக்கு ஆறு அறைகள், இரண்டுக்குப் பன்னிரண்டு. எனவே மின்னேறிச் சில மணிநேரம் ஓய்ந்திருக்கும் இரண்டும் சேர்ந்து 25.2 வோல்ட்டுக்குச் சற்று மேலாகக் காட்டும். 24.4 வோல்ட் காட்டினால், ஏறத்தாழப் பாதி மின்னே எஞ்சியுள்ளது எனக் கொள்ளலாம்.

எஞ்சின் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி இவ்விழப்பை நிரப்புகிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. இதில் பிறக்கும் மாறுமின்னோட்டத்தை டயோடுகள் ஒருதிசைப்படுத்துகின்றன; ரெகுலேட்டர் என்னும் சீராக்கி அதன் அழுத்தத்தை ஏறத்தாழ 28 வோல்ட் அளவில் நிறுத்துகிறது.

பாட்டரி முனைகளில் இவ்வளவு வரவில்லையாயின் என் செய்வது? முதலில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அது சரியாயின், விளக்குகள் அனைத்தையும் எரியவிட்டு, எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டு, இரண்டிடங்களில் அளக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் 28.2 வோல்ட், பாட்டரியிலோ 26.6 என்று வைத்துக்கொள்வோம். இடையில் 1.6 வோல்ட் எங்கே போயிற்று?

கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் வாய்க்காலில் அடைப்பிருந்தால் பயிர் வாடும். இங்கும் அதுவே நிகழ்கிறது. அழுத்த இழப்பு என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது என்பது 1827-இல் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதி. 80 ஆம்பியர் செல்லும் வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 1.6 வோல்ட் இழப்பாகும். இவ்வளவு சிறிய தடை கண்ணுக்குத் தெரியாது. மின்னோட்டம் மிகுதியாகச் செல்லும்போதே தன்னைக் காட்டிக்கொடுக்கும். விளக்குகளை எரியவிடுவது இதன்பொருட்டே.

அடைப்பு எப்பக்கம் என்பதையும் வோல்ட்மானியே சொல்லும். ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பாட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளந்தால் 0.2, ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 1.4. குற்றவாளி எர்த் இணைப்பே. துருவைச் சுரண்டி, திருகை இறுக்கினால் போதும். புதிய பாட்டரி வேண்டுவதில்லை.

இரண்டிடங்களிலும் அழுத்தம் ஒருங்கே தாழ்ந்திருந்தால் ஆல்டர்னேட்டரையோ ரெகுலேட்டரையோ ஐயுறலாம். மாறாக 30 வோல்ட்டைக் கடந்தால் ரெகுலேட்டர் தன் பணியை மறந்தது எனலாம்; பாட்டரி கொதித்து நீர் வற்றும், விளக்குகள் கருகும்.

மொத்த அளவு 28 எனச் சரியாக இருந்தும் ஒரு பாட்டரி மட்டும் அடிக்கடி சாவதுண்டு. தனித்தனியே அளந்தால் ஒன்றில் 13.2, மற்றொன்றில் 14.8 என வரலாம். வானொலி போன்ற 12 வோல்ட் கருவியை ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் இணைத்ததன் விளைவு இது. ஒன்று பட்டினி கிடக்க, மற்றொன்று அளவுக்கு மீறி உண்கிறது. 24 வோல்ட்டை 12 ஆக்கும் மாற்றியைப் பொருத்துவதே இதற்கு மருந்து.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பது டைனமோக் காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அவ்வாறு செய்தால் அழுத்தம் நொடிப்பொழுதில் பன்மடங்கு உயர்ந்து டயோடுகளையும் மின்னணுக் கருவிகளையும் அழித்துவிடும். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், கம்பியைக் கழற்றுகையில் எழும் ஒரு பொறியே அதை வெடிக்கச் செய்யவும் கூடும். கழற்றிப் பார்ப்பதற்கு முன் அளந்து பார்ப்பதே பொருளையும் உயிரையும் காக்கும் வழி.