மாம்பலத்தில் ரயிலேறி நாரை பார்க்க

தியாகராய நகர் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்துப் பக்கமிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளவாக்கில் கிடந்த நீர்ப்பரப்பை 1920-களில் தூர்த்து மனை போட்டார்கள். பனகல் பார்க்கும் பாண்டி பஜாரும் அதன்மேல் எழுந்தவை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயரில் மட்டும் ஏரி மிச்சமிருக்கிறது. நாரையும் நீர்க்காகமும் பார்க்க வேண்டுமென்றால் இப்போது ஊருக்குத் தெற்கே போக வேண்டும். ஆனாலும் நடேசன் பூங்காவிலோ ஜீவா பூங்காவிலோ காலையில் நடக்கிறவர்களின் தலைக்கு மேலே பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் சாதாரணமாக இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இனி என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்குப் பறவை பார்ப்பதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

கேரவன் என்றதும் நமக்கு சினிமா ஷூட்டிங் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் வீட்டை விற்றுவிட்டு அப்படியொரு வண்டியிலேயே குடியிருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேல். அவர்களில் ஒரு சாரார் பறவைகளைத் தொடர்ந்து போகிறவர்கள். குளிர்காலம் முழுக்க டெக்சாஸில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இருப்பார்கள். மார்ச்சில் நெப்ராஸ்கா போவார்கள். அங்கே பிளாட் ஆற்றங்கரையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாண்ட்ஹில் பெருங்கொக்குகள் வந்திறங்கும். மே மாதம் ஈரி ஏரிக்கரை. வடக்கே போகும் சின்னஞ்சிறு பாடும் பறவைகள் ஏரியைத் தாண்டுமுன் அங்கே இறங்கி இரை தேடும். அரசின் வனவிலங்குப் புகலிடங்களில் வாரத்துக்குக் குறிப்பிட்ட மணி நேரம் தொண்டு செய்தால் வண்டி நிறுத்த இடமும் மின்சாரமும் தண்ணீரும் இலவசமாகக் கிடைக்கும். அப்படியே மூன்று மாதம் ஒரே சதுப்பு நிலத்தின் ஓரம் வாழ்கிறவர்கள் உண்டு.

அவர்களிடம் எனக்குப் பிடித்தது வண்டி அல்ல, அந்த மூன்று மாதம். ஒரு பறவை எப்போது வந்தது, எந்தக் கிளையில் கூடு கட்டியது, எப்போது கிளம்பியது என்பதெல்லாம் ஓரிடத்தில் தங்கியிருப்பவருக்குத்தான் தெரியும். மைலாப்பூர்வாசியான மா. கிருஷ்ணன் 1950-இல் தொடங்கி 1996-இல் காலமாகும் வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை குறித்த பத்தி எழுதினார். காடு காடாகச் சுற்றியவர்தான். ஆனால் காக்கை, மைனா, வீட்டைச் சுற்றித் திரிந்த பறவைகள் பற்றி எழுதவும் அவருக்குக் குறைவில்லாமல் விஷயம் இருந்தது. ஆகவே கேரவன் இல்லையே என்று நினைக்க வேண்டாம். உங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறும் நேரம், மரத்தின் உச்சியிலிருந்து “டுங்க், டுங்க், டுங்க்” என்று ஒரே சீராக ஒரு சத்தம் கேட்கும். செம்மார்புக் குக்குறுவான். மைனாவைவிடச் சிறியது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். பைனாகுலர் வைத்துப் பார்த்தால் கூப்பிடும்போது அலகு மூடியே இருப்பது தெரியும். ஒவ்வொரு ‘டுங்க்’குக்கும் தொண்டைத் தோல் உப்பி அடங்கும். தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் சத்தம் ஒரு முறை பக்கத்து வீட்டிலிருந்தும் மறுமுறை எதிர்த் தெருவிலிருந்தும் வருவதாகத் தோன்றும். பட்ட கிளையின் அடிப்புறத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கொத்தி வட்டமாகப் பொந்து குடையும். மழைக்கு முன்னால் கிளை கழிக்கும்போது பட்ட கிளையைத்தான் முதலில் வெட்டுகிறோம். அதனால் யாருக்கும் ஆபத்தில்லை என்றால் ஒன்றையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். இந்தப் பறவைக்கு வேறு வீடு கிடையாது.

அறுபதைத் தாண்டியவர் பைனாகுலர் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். 8×42 என்று போட்டிருந்தால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு மில்லிமீட்டர். மங்கிய வெளிச்சத்தில் இளைஞரின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதானவருக்கு 5-ஐத் தொடுவதே கஷ்டம். மீதி ஒளி வீண். ஆகவே நமக்கு 8×32 போதும்: நான்கு மில்லிமீட்டர் ஒளி, அரைக் கிலோ அளவில் எடை, கழுத்து வலிக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவியில் கை நடுக்கமும் பத்து மடங்காகிவிடும் என்பதால் 10-ஐத் தவிர்ப்பது நல்லது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இடையே 15 மில்லிமீட்டராவது தள்ளியிருந்தாலும் முழுக் காட்சி தெரிகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு கண்ணில் மட்டும் புரை நீக்கியவர்கள் “எனக்குப் பைனாகுலரே சரிப்படவில்லை” என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரு கண்ணின் வித்தியாசத்தைச் சரிசெய்யவே கருவியில், பெரும்பாலும் வலது கண் பக்கம், ஒரு வளையம் இருக்கும். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, அந்த வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். ஒருமுறை செய்து வளையத்தின் இடத்தைக் குறித்து வைத்தால் போதும்.

காதுக்கும் வயதாகிறது. முதலில் நழுவுவது கீச்சென்ற உச்ச ஒலிகள். தேன்சிட்டு பக்கத்தில் கத்தினாலும் பேரனுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. செம்போத்து, குயில், குக்குறுவான் போன்றவற்றின் குரல் தாழ்ந்தது. அவை கடைசி வரை கைவிடுவதில்லை. கேட்காததைக் கைபேசியில் மெர்லின் என்ற செயலி எழுதிக் காட்டும். ஆனால் அது சொன்னதை மட்டும் வைத்துப் பெயர் எழுதாமல் கண்ணாலும் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

செப்டம்பர் தொடங்கினால் வலசைப் பறவைகள் வர ஆரம்பிக்கும். பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று ஒன்று. பழுப்பு நிறம், கண்ணைக் கவரும் அடையாளம் ஒன்றும் கிடையாது. புதருக்குள் “டக், டக்” என்று கத்தும். எடை பன்னிரண்டு கிராம் இருந்தால் அதிகம். அது மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வந்து உங்கள் வீட்டு மருதாணிச் செடியில் ஏப்ரல் வரை குடியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அக்டோபரில் ஆறுமணிக்குருவி ஊரைக் கடந்து போகும்; களைத்துப்போய்ச் சில சமயம் மாடி வராந்தாவில் வந்து விழும். அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, மாலையில் மரத்தடியில் விட்டால் பல நேரங்களில் எழுந்து போய்விடும்.

தெரு பழகியபின் வெளியே கிளம்பலாம். அறுபதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாதம் பத்து முறை மாநகரப் பேருந்தில் இலவசமாகப் போகும் டோக்கன் 2016-இலிருந்து உண்டு. அடையாறு முகத்துவாரமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பஸ் தூரம்தான். மாம்பலத்திலிருந்து செங்கல்பட்டு எலெக்ட்ரிக் டிரெயினில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பரனூரைத் தாண்டியதும் கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டி வரும். நீர்க்காகமும் நாமக்கோழியும் ரயிலுக்குப் பயப்படுவதில்லை. இன்னும் தூரம் போக மனமிருந்தால் ஜனவரியில் பழவேற்காட்டில் பூநாரைகள், கோடியக்கரையில் கரையோரப் பறவைகள், கூந்தன்குளத்தில் இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள். ஒரே நாளில் மூன்று ஊர் பார்க்க ஓடாமல், ஒவ்வோர் ஊரிலும் நாலு நாள் தங்குங்கள். ஓய்வு பெற்றவருக்குக் கிடைக்கும் வசதி அதுதானே.

பார்த்ததை எழுதி வையுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஈபேர்ட் தளம் 2002-இலிருந்து இருக்கிறது. உங்கள் பட்டியல் ஆராய்ச்சிக்குப் பயன்படும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் மொட்டைமாடியில் நின்று எண்ணினாலும் சேர்த்துக்கொள்வார்கள். மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தின் காலை நடைகளில் சேர்ந்தால் பழகிய கண்களோடு சேர்ந்து பார்க்கலாம்.

வேடந்தாங்கலுக்கு மட்டும் ஒரே பருவத்தில் இரண்டு முறை போக வேண்டும். செங்கல்பட்டில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதைப் பொறுக்காத கிராமத்தார் 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கிக் காத்த ஏரி இது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் முதலில் கண்ணில் படுவது நத்தைகுத்தி நாரை. அதன் அலகு பாக்குவெட்டி போல நடுவில் இடைவெளி விட்டு, நுனியில் மட்டும் சேரும். வயலில் அது நத்தை தின்பதைப் பொறுமையாகக் கவனியுங்கள். மேலலகால் ஓட்டை மண்ணோடு அழுத்திப் பிடித்து, கீழலகின் கூரிய நுனியை மூடிக்கு அடியில் செலுத்தித் தசையை அறுக்கும், ஓடு உடைவதில்லை. பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே இதை முடித்துவிடுவதால் வெறும் சதை வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரியும். ஜனவரியில் கூட்டிலுள்ள குஞ்சுகளைத் தேடிப் பாருங்கள்; அவற்றின் அலகு இடைவெளி இல்லாமல் நேராக இருக்கும். மார்ச்சில் மறுபடி போனால் பறக்கத் தொடங்கிய இளம் பறவைகள் பெரியவற்றுக்கு இணையாக நிற்கும். நிறத்தைப் பார்த்துக் குழம்பாமல் அலகைப் பார்த்தே எது இந்த ஆண்டுக் குஞ்சு என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.