ஈரத்துணி சுற்றினால் ஒளிரும் வேர்

குற்றாலத்து மலையில் மழைக்குப் பாறையடியில் ஒதுங்கிய தாசில்தார் ஒருவர், சுற்றிலும் புல் இருட்டில் சுடர்விடுவதைப் பார்த்துத் திகைத்துப்போனார். சேதி பிரிட்டிஷ் அதிகாரி ஜெனரல் கல்லன் காதுக்கு எட்டியது. 1845-இல் மதராஸ் மாகாணத்துக் காட்டிலிருந்து போன, அதேபோல் ஒளிரும் வேர்த்துண்டு ஒன்று லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக் கூட்டத்தில் வேடிக்கைப் பொருளாயிற்று. காய்ந்து கிடந்தால் அது வெறும் கட்டை. ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் மறுபடி ஒளிரும். பிராமணர்கள் அதை ஜோதிஷ்மதி என்றார்களாம்.

நம் ஊரில் ஜோதிப்புல் கதை சதுரகிரிக்கும் உண்டு, கொல்லிமலைக்கும் உண்டு. சித்தர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்று அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுவார்கள். தாசில்தார் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறதே!

லண்டனுக்குப் போன அந்த வேர் காளான் இழை படர்ந்த கட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஒளிரும் காளான்களில் பலவற்றுக்குக் குடை மட்டுமல்ல, மரத்துக்குள் ஓடும் இழையும் ஒளிரும். இழை காய்ந்தால் முடங்கும், நனைந்தால் வேலையைத் தொடங்கும். ஈரத்துணி அதைத்தான் செய்தது. காற்றும் வேண்டும் என்பதை ராபர்ட் பாயில் 1667-லேயே காட்டிவிட்டார்: ஒளிரும் கட்டையைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காற்றை உறிஞ்சியதும் ஒளி மங்கியது, காற்றை விட்டதும் திரும்பி வந்தது.

காரணம் தெரிய இன்னும் மூன்றரை நூற்றாண்டு ஆனது. செடிகளில் சாதாரணமாக இருக்கும் காஃபிக் அமிலத்திலிருந்து காளான் ஹிஸ்பிடின் என்ற பொருளைச் செய்கிறது. அதை இன்னொரு நொதி சற்றே மாற்றி லூசிஃபெரின் ஆக்குகிறது. அது ஆக்சிஜனோடு சேரும்போது பச்சை ஒளி வருகிறது, சூடு இல்லை. மிச்சப் பொருளும் வீணாவதில்லை, திரும்பவும் காஃபிக் அமிலமாகிவிடும். 2018-இல் இதன் மரபணுக்கள் முழுதாகப் பிடிபட்டன. மூலப்பொருள் எந்தச் செடியிலும் இருப்பதால், அந்த மரபணுக்களைப் புகுத்தினாலே போதும், செடி தானாக ஒளிரும். 2024 முதல் அமெரிக்காவில் ஒளிரும் பெட்டூனியாவைத் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பூந்தொட்டியைவிட மேகாலயாவின் மூங்கில்தான் பிடிக்கிறது. அங்கே ஊர்க்காரர்கள் காளான் முளைத்த மூங்கில் குச்சியை இரவில் கைவிளக்காகப் பிடித்து நடந்திருக்கிறார்கள். 'எலக்ட்ரிக் காளான்' என்று அவர்கள் காட்டியதைப் புதிய இனம் என 2020-இல் ஆய்வுலகம் அறிவித்தது. அதில் குடை ஒளிராது, காம்பு ஒளிரும்.

இன்று இந்த ஒளியை முதலில் காட்டுவது செல்போன் திரைதான். அந்தப் படங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. கேமரா பல விநாடிகள் ஒளியைச் சேர்த்துப் பளீர்ப் பச்சையாக்குகிறது. வெறுங்கண்ணுக்கு வெளிறிய ஒரு மங்கல்தான், அதுவும் கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆன பிறகு.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வராயன் மலையில் ஒளிரும் காளானைத் தேடிப் பார்க்க ஆசையிருந்தால், வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு, அடைமழைக்குப் பிந்தைய அமாவாசையை ஒட்டிப் போங்கள். உளுத்த மரம், மட்கிய மூங்கில் பக்கம் டார்ச்சை அணைத்துவிட்டு நில்லுங்கள். ஒன்று கண்ணில் பட்டாலும் பறித்துவந்து குழம்பு வைத்துவிடாதீர்கள். ஜப்பானில் சுகியோதாகே என்ற ஒளிரும் காளானைச் சமையல் காளானான ஷீடாகே என்று நினைத்துத் தின்றுவிட்டு, வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.