மைதானம் தேடி – 6: மரத்தடிச் சாப்பாடு

1846 ஜூன் 19ஆம் தேதி, நியூயார்க்குக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள ஹோபோக்கனில், நிக்கர்பாக்கர் என்ற பேஸ்பால் கிளப் தானே எழுதிவைத்த விதிகளின்படி ஆடி 23–1 என்று தோற்றது. வங்கி எழுத்தர்களும் வணிகர்களும் தரகர்களும் சந்தா கட்டி ஆடிய கிளப் அது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் கார்ட்ரைட். அதே 1846இல் இங்கே சென்னையில் இன்னொரு அலெக்சாண்டர், ஆர்பத்நாட் என்ற சிவில் அதிகாரி, மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பை ஆரம்பித்தார். முதலில் தீவுத்திடலில் ஆடினார்கள். 1865இல் சேப்பாக்கத்துக்கு இடம் மாறினார்கள்.

அந்த கிளப்பின் சொந்தக் கதையில் நமக்குப் பெரிய சுவாரசியம் கிடையாது. நம் கதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களைப் பற்றியது. அவர்களில் ஒருவர் பின்னாளில் சென்னையின் இந்தியர்களுக்கென்று முதல் கிரிக்கெட் கிளப்பை உண்டாக்கினார்.

மோதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. புச்சிபாபு என்றால் தெரியும். 1868இல் பிறந்தவர். தாய்வழித் தாத்தா பாரி கம்பெனியின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். பேரனைத் தத்தெடுத்து வளர்த்தார். மயிலாப்பூர் லஸ் பக்கம் பெரிய பங்களா, பையனைக் கவனிக்க ஆங்கிலேயப் பெண்கள். அவர்களோடு சேப்பாக்கம் போய் துரைமார் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அந்த ஆட்டம் தொற்றிக்கொண்டது என்பார்கள்.

ஆடத் தெரிந்த இந்தியர்கள் சேப்பாக்கத்தில் துரைகளுக்கு எதிராக ஆடவும் செய்தார்கள். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போவார்கள், நம்மாட்கள் மரத்தடிக்குப் போவார்கள். கொண்டுவந்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். பந்து போடலாம், கேட்ச் பிடிக்கலாம், படியேறக் கூடாது. புச்சிபாபுவை உறுத்தியது இதுதான். வசதியான வீட்டுப் பிள்ளை, வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர் என்பதால் அந்த அவமானம் இன்னும் கூர்மையாகத் தைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏழை வீட்டுப் பையனுக்கு மரத்தடி பழகிப்போன இடம்.

1888இல் அவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இருபது வயது. இடம், எஸ்பிளனேடு திடல். அந்த இடத்துக்கும் ஒரு கதை உண்டு. கோட்டையை ஒட்டி ஒரு காலத்தில் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை வந்தபோது, பீரங்கிக் குண்டு தடையில்லாமல் பாய வேண்டும் என்று அந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். அப்படிக் கிடைத்த வெட்டவெளிதான் எஸ்பிளனேடு. நம்மவர் வீடுகள் போன மண்ணில் நம்மவர் கிளப் முளைத்தது. புச்சிபாபு இதை யோசித்தாரா, காலி இடம் கிடைத்தால் போதும் என்று எடுத்துக்கொண்டாரா? இரண்டாவதுதான் நடந்திருக்கும்.

திடல் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? மட்டை, பந்து, கால்காப்பு, உடை எல்லாமே சீமைச் சரக்கு. குமாஸ்தா சம்பளத்தில் யாரால் வாங்க முடியும்? புச்சிபாபு தன் பணத்தைப் போட்டு வாங்கிக் கொடுத்தார். நன்றாக ஆடுகிற பையன் என்று தெரிந்தால் போதும், கையில் மட்டை வந்துவிடும்.

நம் ஆட்டையாம்பட்டி, ராசிபுரம் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஃபிளெக்ஸில் அணியின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே, முதல் பரிசு யார் உபயம், கோப்பை யார் உபயம், பந்து யார் உபயம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். தறிக்கு லீவு விட்ட நாளில் ஏரிக்குள் ஆடுகிற பதினோரு பேருக்குப் பின்னால் ஒரு முறுக்குக் கடைக்காரரோ பைனான்ஸ்காரரோ நிற்பார். அந்த வரிசையில் சென்னையின் முதல் உபயதாரர் புச்சிபாபு. ஒரு வித்தியாசம்: அவர் ஆடவும் செய்தார், நன்றாகவே.

இருபது வருடம் கழித்து அவர் நினைத்தது கைகூடியது. இந்தியர்கள் ஒரு பக்கம், ஐரோப்பியர்கள் மறுபக்கம் என்று ஒரு மேட்சுக்குச் சேப்பாக்கம் கிளப் சம்மதித்தது. 1908 டிசம்பரில் ஏற்பாடு. அதைப் பார்க்க அவர் இல்லை. மேட்சுக்குச் சற்று முன் இறந்துபோனார். நாற்பது வயதுதான். மேட்ச் நிற்கவில்லை. பின்னாளில் அதுவே பிரசிடென்சி மேட்ச் என்று பொங்கல் சமயத்தில் ஊரே கூடிப் பார்க்கும் திருவிழாவானது.

புச்சிபாபுவின் பிள்ளைகளும் ஆடினார்கள். அவர்களில் கோட்டா ராமசாமி 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936இல் மான்செஸ்டரில், நாற்பது வயதில், தன் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார். இரண்டு ஆட்டத்திலும் நாட்டுக்காக ஆடுவது இன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

அப்பா பெயரில் 1909இல் தொடங்கிய புச்சிபாபு டோர்னமென்ட் பல வருடம் நின்று நின்று நடந்தாலும் செத்துவிடவில்லை. 2024இல் அதைச் சென்னைக்கு வெளியே கொண்டுபோனார்கள்: கோவை, திருநெல்வேலி, நத்தம், நம்ம சேலம். ரஞ்சி ஆடுகிற அணிகள் இங்கே வந்து நாள் கணக்கில் ஆடின. வேடிக்கை பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குரியவர் யாரென்று கேட்டிருப்பார்கள்?

அடுத்த வாரம் சேப்பாக்கத்துக்கே போகிறோம். 1934 நவம்பர் 4ஆம் தேதி, ரஞ்சி கோப்பையின் முதல் மேட்ச். முதல் பந்தைப் போட்டவர் எம். ஜே. கோபாலன். மைசூர் அணி 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. ராம்சிங் பதினோரு விக்கெட் எடுத்தார். நாள் கணக்கில் நடக்க வேண்டிய மேட்ச் அன்று மாலையே முடிந்துபோனது.