பழைய காரின் ஏ.சி.: கேஸ் ஏற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

கேளம்பாக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஏ.சி. ஓயாத தலைவலி. கிழக்கே சில கிலோமீட்டரில் கோவளம் கடல். போகிற வழியெல்லாம் உப்பளமும் கழிமுகமும். வடக்கே ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை கிளப்புகிற புழுதி. இரண்டுக்கும் நடுவே, வண்டலூர் சாலை வந்து சேருகிற சந்திப்பில், சித்திரை வெயிலில் முதல் கியரிலேயே ஊர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. கார் ஓடினால்தானே முன்பக்கம் காற்று அடிக்கும்? நின்றால் ஏ.சி. திணறத்தான் செய்யும்.

அப்படித் திணறும்போது பெரும்பாலானோர் நேராகக் கடைக்குப் போய்ச் சொல்வது ஒரே வசனம்தான்: “கேஸ் இறங்கிடுச்சுண்ணே, ஏத்தி விடுங்க.” பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ் வழியே பல வருடங்களில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது காசைக் காற்றில் விடுவது. சொல்லளவில் இல்லை, உண்மையிலேயே.

கசிவைத் தேட முதலில் கண்ணே போதும். கம்ப்ரஸரின் ஆயில் கேஸோடு கலந்துதான் ஓடுகிறது. ஆகவே கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கசிந்து, அதன்மேல் புழுதி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். ஹோஸின் உலோக முனை, ஓ-ரிங் இணைப்புகள், கம்ப்ரஸர் புல்லிக்குப் பின்புறம் ஆகிய மூன்றையும் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு கிரில்லுக்குள் டார்ச் அடித்துக் கண்டென்சரைப் பாருங்கள். நம் பகுதி கார்களில் அதன் கீழ்வரிசை அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரல் பட்டாலே உதிரும். உப்புக் காற்றின் வேலை அது. மாதம் ஒருமுறை தோட்டக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாலே கண்டென்சரின் ஆயுள் கூடும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேரே காட்டினால் தகடுகள் மடங்கி, காற்றுப் போகிற வழி அடைந்துவிடும்.

கண்ணுக்குச் சிக்காத கசிவுக்கு நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துப் பார்ப்பார்கள். நல்ல மெக்கானிக் இதை அவசரப்படாமல் செய்வார். கசிவை அடைத்ததும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, வாக்யூம் பம்ப் போட வேண்டும். குழாய்க்குள் அழுத்தம் மிகவும் குறைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறிவிடும். பம்பை நிறுத்திய பிறகு அரை மணி நேரம் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேஸ். இந்த அரை மணியைத்தான் பல இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். இருபது நிமிடம் நன்றாகக் குளிர்ந்து, திடீரென நின்று, ஆஃப் செய்து போட்டால் மறுபடி குளிர்கிறதா? முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். அதே ஈரம் கேஸோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும்.

எண்பதுகளின், தொண்ணூறுகளின் தொடக்கத்துக் கார் என்றால் இன்னொரு சிக்கல். அப்போதைய மாருதி 800 போன்ற கார்களில் இருந்தது ஆர்-12 கேஸ். அந்த வகை குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1992இல் இந்தியா சேர்ந்தது. 2008 ஆகஸ்டில், மருந்துத் தேவை நீங்கலாக, இங்கே அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. எனவே அந்தக் கார்களை ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். வெறுமனே கேஸை மாற்றி ஏற்றினால் கம்ப்ரஸர் போய்விடும். பழைய மினரல் ஆயில் புதிய கேஸோடு கலக்காது. கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. அதை வடித்து எஸ்டர் ஆயில் விட்டு, ஓ-ரிங்குகளையும் ட்ரையரையும் மாற்றி, பழைய எடையில் எண்பது, தொண்ணூறு சதவீதம் அளவுக்குக் கேஸ் ஏற்ற வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்.பி.ஜி. கலந்த கேஸை மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். குளிரும், மறுக்கவில்லை. ஆனால் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள், உங்கள் முழங்காலுக்கு முன்னால். அங்கே கசிந்தால் தீப்பிடிக்கும் வாயு காருக்குள்தான் நிறையும்.

இவ்வளவு பாடுபட்டுக் கம்பெனி ஏ.சி.யைக் காப்பாற்றத்தான் வேண்டுமா, வெளியில் கிடைக்கும் கிட் ஒன்றைப் பொருத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பதே என் கருத்து. நமக்கு அடுத்த மறைமலை நகரில் 1999 முதல் தயாரான ஃபோர்டு ஐகானையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூலிங் காயில் பெட்டி, காற்றுக் குழாய், கம்ப்ரஸர் பிராக்கெட், விசிறி எல்லாம் அந்த எஞ்சினையும் அந்த உட்புறத்தையும் கணக்கிட்டுச் செய்தவை. கிட் போட டேஷ்போர்டை அறுத்தால் பிறகு ஒட்டாது. கம்ப்ரஸரில் சத்தம் வந்தால் பெரும்பாலும் மேக்னட் கிளட்ச் பேரிங்தான். ஷாஃப்ட் சீலும் தனியாகவே மாற்றக்கூடியதுதான். 2022இல் அந்த ஆலையில் கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் புதுப்பேட்டையில் பொறுமையாக அலைந்தால் பழைய கார் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன.

மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட விடுங்கள். ஆயில் சுற்றினால்தான் ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும். மழைக்காலம் முழுக்க அணைத்து வைத்துவிட்டுப் பங்குனியில் போடும்போது கேஸ் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்கும். அரை கிலோ வெளியேறினால் சுமார் 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எனவே வேலை தொடங்கும்போது மிச்சக் கேஸைத் திறந்து விடாமல் இயந்திரத்தில் உறிஞ்சி எடுக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். கசிவுச் சோதனைக்குத் தனியே காசு கேட்டால் தயங்காமல் கொடுங்கள். மாசியிலேயே போய்விடுங்கள், சித்திரையில் கூட்டம் சேர்ந்துவிட்டால் எந்த மெக்கானிக்காலும் உங்கள் காருக்கு அந்த அரை மணி நேரத்தை ஒதுக்க முடியாது.