பிள்ளையார்பாளையத்தில் நீர்ச் சுழற்சி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம் மாநகரின் மேற்குப் பகுதியில் உள்ள நெசவாளர் குடியிருப்பு ஆகும். கைலாசநாதர் கோயில் இப்பகுதியில் அமைந்துள்ளது. இங்கு பெய்யும் மழை ஆவியாதல், மேற்பரப்பு ஓட்டம், நிலத்தடி நீர் என மூன்று வழிகளில் பிரிகிறது. பட்டு நெசவு பெரும்பாலும் வீட்டுக்குள் அமைந்த குழித்தறிகளில் நடைபெறுவதால், இம்மூன்றும் நெசவாளரின் வேலை நாட்களையும் வருவாயையும் நேரடியாகப் பாதிக்கின்றன.

நீர்ச் சமநிலை

ஓர் இடத்தில் பெய்த மழை எங்கெங்கு சென்றது என்னும் கணக்கு நீர்ச் சமநிலை எனப்படும்.

மழை = ஆவியுயிர்ப்பு + ஓட்டம் + நிலத்திலும் நீர்நிலைகளிலும் சேமிப்பு மாற்றம்

நீர்ப்பரப்பிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகும் நீரும், தாவர இலைகள் வெளியிடும் நீராவியும் சேர்ந்ததே ஆவியுயிர்ப்பு. உலக அளவில், நிலத்தில் பெய்யும் மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு இவ்வழியே வளிமண்டலத்துக்குத் திரும்புகிறது. பிரான்சைச் சேர்ந்த பியேர் பெரோ 1674-இல் வெளியிட்ட நூலில், செய்ன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழை அங்கு ஓடும் நீரைப்போல் சுமார் ஆறு மடங்கு எனக் கணக்கிட்டுக் காட்டினார். ஆறுகளுக்கு நீர் தர மழையே போதும் என்பது இதனால் தெளிவானது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் பெய்யும் 1 மி.மீ. மழை 1 லிட்டர் நீருக்குச் சமம். காஞ்சிபுரத்தின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,200 மி.மீ. எனவே 100 சதுர மீட்டர் கூரையில் ஓராண்டில் சுமார் 1,20,000 லிட்டர் நீர் விழுகிறது. இதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடைக்கிறது.

ஆவியாதல்

வெப்பம், காற்று, காற்றின் ஈரப்பதம் ஆகியவை ஆவியாதலின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் குறையும். நெசவாளர்கள் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு உலர்த்துவர். மழைக்காலத்தில், மழை விட்ட நாளிலும் பாவு எளிதில் உலராததற்கு இதுவே காரணம். கோடையில் நிலைமை எதிரானது. பரந்து விரிந்த, ஆழம் குறைந்த ஏரிகள் தம் நீரில் பெரும்பங்கை ஆவியாக இழக்கின்றன.

மேற்பரப்பு ஓட்டம்

மண் உறிஞ்சும் வேகத்தை விட மழை வேகமாகப் பெய்தாலோ, மண் ஏற்கெனவே நிறைந்திருந்தாலோ நீர் தரைமேல் ஓடுகிறது. கூரைகளும் சிமென்ட் சாலைகளும் நீரை உள்ளே விடுவதில்லை; ஆகவே வீடுகள் நெருங்கிய தெருக்களில் ஓட்டம் மிகும். நகரை ஒட்டிச் செல்லும் வேகவதி, பாலாற்றின் துணையாறு ஆகும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றில் 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் பெருவெள்ளம் ஓடியது.

நிலத்தடி நீர்

மண்ணுக்குள் இறங்கும் நீர், துளைகள் முழுவதும் நீரால் நிறைந்த அடுக்கை அடைகிறது. அவ்வடுக்கின் மேல் எல்லையே நிலத்தடி நீர்மட்டம். பாலாறு வறண்டு தோன்றினாலும் மணலுக்கு அடியில் நீரோட்டம் இருக்கும். ஓரிக்கை, திருப்பாற்கடல் ஆகிய இடங்களில் ஆற்றுப்படுகையிலிருந்து எடுக்கப்படும் நீர் காஞ்சிபுரத்தின் குடிநீர் ஆதாரமாக உள்ளது.

தறிக்குழியில் நீர்

குழித்தறியில் நெசவாளர் தரையளவில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை இயக்குவார். கனமழையின்போது இக்குழியில் நீர் தேங்கி நெசவு நின்றுவிடுவது உண்டு. நீர் இரு வழிகளில் வரலாம்.

முதலாவது, தெருநீர் வாசல் வழியே உள்ளே புகுவது. இது மேற்பரப்பு ஓட்டம். மழை பெய்யும்போதே வரும். வாசற்படியை உயர்த்துவதும் வடிகாலைத் தூர்வாருவதும் இதற்குத் தீர்வாகும்.

இரண்டாவது, குழியின் அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் நீர் ஊறுவது. நீர்மட்டம் குழியின் அடிப்பகுதிக்கு மேல் உயர்ந்துவிட்டால் தறிக்குழி ஒரு சிறு கிணறாகிறது. நீரை இறைத்தாலும் மீண்டும் ஊறும். மழை நின்ற பின்னும் சில நாட்கள் நீடிக்கக்கூடும். மண்ணின் கனஅளவில் நீர் நிரம்பத்தக்க வெற்றிடம் 10 விழுக்காடு எனக் கொண்டால், கீழிறங்கும் 50 மி.மீ. நீர் நீர்மட்டத்தை 500 மி.மீ., அதாவது அரை மீட்டர் உயர்த்தும். சிறிதளவு நீர் பெரிய ஏற்றத்தை உண்டாக்குவது இவ்வாறே. இந்நிலையில் வாசற்படியை உயர்த்துவது பயன் தராது. குழியின் சுவரையும் அடியையும் நீர் புகாதவாறு பூசுவதோ, குழி இல்லாமல் தரைமேல் நிறுத்தும் தறிக்கு மாறுவதோ தேவைப்படும்.

செறிவூட்டல்

மழைக்காலத்தில் தொல்லையாகும் இதே நிலத்தடி நீரே கோடையில் கிணறுகளுக்கு ஆதாரம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஏரிகளும் கோயில் குளங்களும் ஓடும் நீரைத் தேக்கி, மண்ணுக்குள் இறங்க நேரம் தருகின்றன. குழித்தறி உள்ள வீட்டில் கூரைநீரைத் தறியறைச் சுவரை ஒட்டி மண்ணில் இறக்கினால் குழியில் ஊற்று மிகலாம். ஆகவே உறிஞ்சுகுழியைத் தறியறையிலிருந்து தள்ளி அமைப்பதே பொருத்தமானது. சாயக்கழிவு கலந்த நீரும் மண்வழியே கிணற்றை அடையக்கூடும் என்பதால், தூய மழைநீரை மட்டுமே நிலத்தில் இறக்க வேண்டும்.