சூரியப் புயல் வரும் நேரம்

1859 செப்டம்பர் 1, முற்பகல் 11.18. இங்கிலாந்தின் ரெட்ஹில்லில் தம் வீட்டோடு சேர்ந்த ஆய்வகத்தில் ரிச்சர்ட் கேரிங்டன், தொலைநோக்கி காட்டிய சூரிய பிம்பத்தைப் பார்த்துக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். ஒரு பெரிய புள்ளிக்கூட்டத்தின் மேல் இரண்டு வெண்ணிற ஒளித்திட்டுகள் திடீரென எழுந்தன. சாட்சிக்கு ஆள் அழைக்க ஓடித் திரும்பிய ஒரு நிமிடத்துக்குள் அவை மங்கத் தொடங்கிவிட்டன.

ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியைக் காந்தப் புயல் தாக்கியது. பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் காந்தமானி காட்டிய அளவு சுமார் 1,600 நானோடெஸ்லா குறைந்தது. பாஸ்டனிலும் போர்ட்லண்டிலும் தந்தி ஊழியர்கள் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, புயல் கம்பியில் தூண்டிய மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி அனுப்பிக்கொண்டார்கள். இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த கேரிங்டன், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. 1892-இல்கூட, ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த கெல்வின் பிரபு அந்தத் தொடர்பை மறுத்தார்.

அன்று கண்ணுக்குத் தெரிந்தது சூரியனின் முகம் மட்டுமே. 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறது. அந்தக் கண்ணாடித் தட்டுகளில் புள்ளிகள் உண்டு, விளிம்பில் எழும் தீக்கொழுந்துகள் உண்டு. ஆனால் சூரியனை விட்டுக் கிளம்பிப் பூமியை நோக்கி வந்து காந்தப் புயலை எழுப்பும் மின்ம (பிளாஸ்மா) மேகம் இல்லை. சூரிய வட்டை மறைத்துச் சுற்றியுள்ள மங்கிய ஒளியைப் பார்க்கும் கருவி விண்ணுக்குப் போன பிறகே, 1971-இல், அந்த மேகம் முதன்முதலாகப் பிடிபட்டது. 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலம் அதை அன்றாடக் காட்சியாக்கியது. இன்று கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கருவி ஒன்றும், ஆதித்யா-எல்1 விண்கலத்தில் இருந்தபடி அந்த மேகங்களைப் பார்க்கிறது.

அன்று புயல் வந்த பிறகே வந்தது தெரியும். இன்று மேகம் கிளம்பிய சில மணி நேரத்தில் அதன் வேகத்தை அளந்து, சூரியக் காற்றில் அது எப்படி நகரும் என்று கணினியில் கணக்கிட்டு, வரும் நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு இன்றும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முன்பின்னாகப் பிசகுகிறது. ஆனாலும் 2024 மே மாதப் புயலுக்கு ஒரு நாள் முன்பே எச்சரிக்கை வந்தது. மின்தொகுப்புகளை நடத்துவோர் தயாராக இருந்தார்கள். 1989 மார்ச்சில் இதைவிடப் பெரிய புயலொன்று கனடாவின் கியூபெக் மின்தொகுப்பை ஒன்றரை நிமிடத்தில் வீழ்த்தி, அறுபது லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருளில் விட்டதை நினைத்தால், இது சிறிய பேறன்று.

இழந்ததும் உண்டு. 1859-இல் தந்தி தடுமாறியது. ஏரும் கப்பலும் நிற்கவில்லை. 2024-இல் அமெரிக்காவில் விதைப்புப் பருவத்தின் நடுவே, செயற்கைக்கோள் வழிகாட்டும் டிராக்டர்கள் வரிசை பிசகி வயலிலேயே நிறுத்தப்பட்டன. அன்று சூரியனைக் கவனிக்காமலும் வாழ முடிந்தது. அந்த நிம்மதி இனி நமக்கு இல்லை.

இன்னொரு குறையும் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. மேகம் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால் அது பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். புயலின் கடுமையை முடிவுசெய்யும் இந்தத் திசையைத் தொலைவிலிருந்து நம்பகமாக அறிய இன்றும் வழியில்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்களை மேகம் தொடும்போதுதான் அது தெரியவரும். வழக்கமான புயலென்றால் அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கிடைக்கும். கேரிங்டன் பார்த்ததைப் போன்ற ஒன்று அதே வேகத்தில் வந்தால், எஞ்சிய தொலைவைக் கடக்க அதற்குச் சுமார் 11 நிமிடமே ஆகும்.