வீட்டில் இருந்தே வயல் மோட்டாரை ஓட விடலாம்! விவசாயிகளை சுண்டி இழுக்கும் 'செல்போன் ஸ்டார்ட்டர்'

திருக்காட்டுப்பள்ளி:-

புதுசாக ஒரு கருவி வந்தால் அதை வாங்கி திருப்பிப் பார்க்காமல் நம்மூர்க்காரர்கள் விடமாட்டார்கள். டிராக்டரில் இருந்து மருந்து அடிக்கும் டிரோன் வரை வேடிக்கை பார்க்க வரப்பில் கூட்டம் நிற்கும். ஆனால் வேடிக்கையோடு நிற்காமல் உயிரையும் காக்கிற கருவி ஒன்று உண்டு. அதுதான் செல்போன் ஸ்டார்ட்டர்.

காவிரியும் குடமுருட்டியும் ஓடும் திருக்காட்டுப்பள்ளி பகுதியிலும் குறுவை நாற்றங்காலுக்கு போர் தண்ணீர் வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் வரை நாற்று காத்திருக்காதே!

மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில், கரண்டு வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்தவர்கள் ஏராளம். கட்டுவிரியன் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். அது கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. முள் குத்தியது என்று நினைத்து படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போனது உண்டு.

இதற்கு பயந்து சிலர் 'ஆட்டோ' போட்டு வைத்தார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும். நிறுத்தத்தான் ஆள் இருக்காது. 1990-ல் இருந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்பதால் பில் பயமும் இல்லை. போட்ட உரத்தை தண்ணீர் பக்கத்து வயலுக்கு அடித்துக்கொண்டு போகும். விடிந்தால் வரப்பு சண்டைதான்.

செல்போன் ஸ்டார்ட்டரில் அந்த தொல்லை இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்தில் மாட்டும் சின்ன கருவிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும. பதிவு செய்த நம்பரில் இருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும், நிற்கும். ஓடியதா இல்லையா என்று எஸ்.எம்.எஸ். வரும். ஒரு பேஸ் போனாலோ, போரில் தண்ணீர் இறங்கினாலோ தானே நிறுத்திவிடும் கருவிகளும் உண்டு. காயில் எரிந்தால் ஆகும் செலவு விவசாயிக்குத்தான் தெரியும்.

சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் கருவி வெறும் பெட்டி. டவர் கிடைக்காத வயலுக்கும் சரிப்படாது.

முக்கியமான ஆபத்து ஒன்று இருக்கிறது. கொட்டகையில் ஒருவர் ஒயரை தொட்டுக் கொண்டிருப்பது தெரியாமல், வீட்டில் இருந்து இன்னொருவர் போனை அழுத்தி விடலாம். அதனால் மோட்டாரில் கை வைக்கும் முன்பு மெயின் சுவிட்ச்சை இறக்கி, பீஸ் கட்டையை பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக் கொள்ள வேண்டும்.

இந்த கருவிக்கு வேளாண்மை பொறியியல் துறை மானியம் வழங்கி வந்துள்ளது. வாங்க நினைப்பவர்கள் கடைக்கு போகும் முன்பு, இந்த ஆண்டுக்கு மானியம் உண்டா என்று அந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.